எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த யோகம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கும் எங்கள் ஊரில், 1971-இல், கிராம முன்சீப் மகனும் அவர் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிறவரின் மகனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். சமத்துவத்தின் மேல் யாருக்கும் பற்று வந்துவிடவில்லை. ஊருக்குப் பஸ் கிடையாது, அக்கம்பக்கத்தில் வேறு பள்ளிக்கூடமும் கிடையாது, அவ்வளவுதான்.

‘அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாய்ப் படித்தோம்’ என்று அறுபதைத் தாண்டிய என் கூட்டாளிகள் இப்போது வாட்ஸ்அப்பில் உருகுகிறார்கள். ஒன்றாய்ப் படித்தோம், சரி. ஒன்றாய் உட்காரவில்லை. தண்ணீர்ப் பானையைத் தொட்டு மொண்டு குடிக்கக்கூடியவர் யார், கையேந்தி நின்றால் மட்டும் ஊற்றப்படுகிறவர் யார் என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதாமலே எல்லாருக்கும் மனப்பாடமான பாடம். அந்தப் பாடத்தில் எங்கள் வகுப்பில் ஒருவர்கூட பெயில் ஆனதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் யூனியன் ஆபீசுக்கு எழுதிப் போட்டார், பதில் இல்லை. மறுபடி எழுதினார், பதில் இல்லை. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் முன்சீப் மகன் சிலேட்டும் சட்டையும் நனைந்து, தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் முன்சீப் அய்யா வண்டி கட்டிக்கொண்டு யூனியன் ஆபீசுக்கே போய்விட்டார். என்ன பேசினார் என்று தெரியாது. அந்த வாரமே கொத்தனார் வந்தார். முந்தின வருஷமும் அதே ஓடு அதே இடத்தில்தான் ஒழுகியது. அப்போது பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தான்.

நிர்வாகத்தைப் பற்றித் தடித்தடிப் புத்தகங்கள் பிற்பாடு படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக நினைவில்லை.

பஸ் வராத எங்கள் ஊருக்கு ஒரு வண்டி மட்டும் நாள் தவறாமல் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. விடிவதற்கு முன்னால் வந்து ஆரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாகத் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள், பெரும்பாலும் பொட்டப்பிள்ளைகள். மரச் சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களுக்குத்தான் சுருக்காக வரும் என்று ஊரே நம்பியது. ஒன்றாம் வகுப்பில் எங்களோடு இருந்த பெண்களில் ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். மிச்சப் பேர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது? குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல்தான் வந்தது. சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 1996 ஆகிவிட்டது. அதற்குள் என் வகுப்புப் பெண்கள் சிலர் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள்.

வண்டிக்குப் போட்டியாகப் பள்ளிக்கூடத்தின் கையில் இருந்த ஒரே ஆயுதம் உப்புமா. பக்கத்து எட்டயபுரத்தில்தான் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார் என்று எங்கள் ஹெட்மாஸ்டருக்குத் தனிப் பெருமை. எங்கள் காலத்தில் ‘கேர்’ என்ற அமெரிக்க அமைப்பு அனுப்பிய கோதுமை ரவையும் பால் பவுடரும் வரும். ரவையில் வண்டு இருக்கும். வண்டைத் தள்ளிவிட்டுத் தின்றோம். வண்டோடு தின்றவர்களும் உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது படித்தவர்கள் பத்திரிகைகளில் கணக்குப் போட்டு அரசாங்கம் திவாலாகும் என்றார்கள். எங்கள் ஊர்த் தாய்மார் வேறு கணக்குப் போட்டார்கள்: ஒரு வேளைச் சோறு மிச்சம், சின்னவளையாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். யார் கணக்கு சரியாய் வந்தது என்பதற்குச் சாட்சி ஊர் ஊருக்கு இருக்கிறது.

சத்துணவுக்கு முந்தின உப்புமாக் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு, எங்கள் வகுப்பு லீடர். தீப்பெட்டி ஆபீஸ் வண்டியிலிருந்து டீச்சர் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்த பெண் அவள். டீச்சரை அவள் அம்மா வைத வசவை இங்கே அச்சிட முடியாது. அந்தப் பெண் படித்து, பயிற்சிக்குப் போய், கிராம சுகாதாரச் செவிலியர் ஆனாள். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் பெயரை நோட்டில் எழுதி, ரத்தம் குறைவான பெண்ணை அதட்டி மாத்திரை விழுங்கவைத்து, பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியே ஓய்வு பெற்றாள். 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் சாவு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த 54-ஐ மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்காத கட்சி இல்லை. எங்கள் லீடரைப் போன்ற பல்லாயிரம் பெண்கள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பிழையில்லாமல் எழுதப் படிக்கக் கற்றதும் அந்த 54-க்குள்ளேதான் இருக்கிறது. மருந்துச் சீட்டைத் தப்பாகப் படிக்கிற செவிலியரை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் நடக்காது.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம்.

1990-களின் கடைசியில் எங்கள் ஊருக்கு மினி பஸ் வந்தது. ஊரே திரண்டு மாலை போட்டு, தேங்காய் உடைத்து வரவேற்றது. பின்னாலேயே டவுன் தனியார் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் வந்தது. அதற்கு யாரும் மாலை போடவில்லை, பிள்ளைகளையே கொடுத்தார்கள். முதலில் ரெட்டை மாடு வைத்திருந்த வசதிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் டவுனுக்குப் போயின. அடுத்து கடைக்காரர், போஸ்ட்மாஸ்டர். அதற்கடுத்து, சொன்னால் கோபிப்பார்கள், எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்களின் பிள்ளைகள். அரசுப் பள்ளியைக் காப்போம் என்று டவுனில் நடந்த கூட்டமொன்றில் தொண்டை கட்டப் பேசிய ஒருவர், நன்றியுரைக்குக்கூட நிற்காமல் கிளம்பினார். “வேன் வர்ற நேரம் அண்ணாச்சி, பையனைக் கூப்பிடணும்” என்றார்.

பிள்ளை குறைந்தால் என்ன ஆகும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதைப் பார்த்த பெற்றோர், ‘வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் எதுக்கு?’ என்று இன்னும் பத்துப் பேரை வேனில் ஏற்றுவார்கள். பிள்ளை இன்னும் குறையும். ஊர் குறைந்ததற்குப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லும். பள்ளிக்கூடம் ஊரைக் குறை சொல்லும். நடுவில் வேன்காரர் ஒரு வேனை மூன்றாக்குவார்.

2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பென்சன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறவன் என்பதால் என்னைப் போட்டார்கள். அப்படித்தான் மறுபடி உள்ளே போனேன். போனவன் அசந்துவிட்டேன். காலையில் ரவா கிச்சடி, மத்தியானம் முட்டையோடு சாப்பாடு, நாலு செட் சீருடை, செருப்பு, புத்தகப் பை, கலர் பென்சில், சுவரில் ஸ்மார்ட் போர்டு. ஓடு ஒழுகவில்லை, ஓடே இல்லை, கான்கிரீட். குழாயில் தண்ணீர், யார் வேண்டுமானாலும் திறந்து குடிக்கலாம். அந்தக் குழாய்க்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஒன்றுக்காகவே இந்தக் காலம் அந்தக் காலத்தைவிட மேல் என்று எங்கேயும் வந்து சொல்வேன்.

பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் தரையில்தான் உட்கார்ந்தோம், பெஞ்சு வாங்கக் காசில்லாததால். இவர்கள் உட்கார்ந்திருப்பது கல்வி முறைப்படி. 2007-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் தரைக்கு ஒரு கௌரவம் கொடுத்துவிட்டது. எங்கள் காலத்தில் படிப்பு வராதவனுக்கு ‘மக்கு பெஞ்சு’ என்று ஒன்று உண்டு (பெஞ்சு இல்லாவிட்டாலும் பெயர் உண்டு). இப்போது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. கேட்கவே நன்றாக இருக்கிறது. பிள்ளை மனசு நோகாது. ஐந்தாம் வகுப்பில் ஒருவன் இன்னும் அரும்பாகவே இருந்தால்தான் நமக்குக் கொஞ்சம் நோகும்.

அப்படி ஒருவனோடு உட்கார்ந்தேன். அவன் அம்மா மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறாள். “ஆறு வடை, ரெண்டு டீ. வடை ஏழு ரூவா, டீ பன்னெண்டு. நூறு ரூவா குடுத்தா மிச்சம் எவ்வளவு தருவே?” என்றேன்.

“முப்பத்தி நாலு” என்றான். நான் விரலை மடக்கி முடிப்பதற்கு முன்னால்.

நோட்டில் 52-இல் 37 போகக் கழி என்று எழுதிக் கொடுத்தேன். பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, ரொம்ப அழகாக 25 என்று எழுதினான். இரண்டில் ஏழு போகாது என்று கண்டதும் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டான். கடன் வாங்கத் தெரியவில்லை. எங்கள் ஊரில் கடன் வாங்கத் தெரியாத ஆள் அவன் ஒருவனாகத்தான் இருக்கும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையேதான் பார்த்து, 2025-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடைப்பிள்ளைக்குக் கடையில் வரும் கணக்கு காகிதத்தில் வரவில்லை. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைக்குக் காகிதத்தில் வரும் கணக்கு கடையில் வரவில்லை. பையன் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை. கடைக்கும் கரும்பலகைக்கும் நடுவே ஆள் இல்லை.

பிறகு பேப்பரில் ஒரு செய்தியை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகக் கூட்டிக் கூட்டி வரி முடிவுக்கு வந்தான். “என்ன போட்டிருக்கு?” என்றேன். “தெரியல சார்” என்று சிரித்தான். வரி முடிவதற்குள் வரியின் ஆரம்பம் அவனை விட்டுப் போயிருந்தது. இவன் தனி ஆள் இல்லை. 2024-ஆம் ஆண்டு ‘அசர்’ ஆய்வின்படி நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 100-க்கு 45 பேர்தான்.

டீச்சர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், செல்போனில் எமிஸ் என்ற அரசுத் தகவல் பதிவுச் செயலிக்குள் நுழையப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வருகைப் பதிவு ஏற வேண்டும். சாப்பிட்டவர் எத்தனை, செருப்பு வாங்கியவர் எத்தனை, எல்லாம் ஏற வேண்டும். சிக்னல் வேப்ப மரத்தடியில் மட்டும் கிடைக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போயிருக்கிறார். “அஞ்சு கிளாஸையும் நான் ஒருத்தியே பாக்கணும் சார். பாடம் நடத்தலேன்னா யாரும் கேக்க மாட்டாங்க. டேட்டா ஏத்தலேன்னா பத்து மணிக்கே போன் வந்துரும்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வாத்தியார்களுக்குப் பிரம்பும் வருஷத்துக்கொரு இன்ஸ்பெக்‌ஷனும்தான். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று படிக்காத பையன்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள், வகுப்பே அறிவாளியாகிவிடும்.

அந்தக் கலை அழிந்துவிடவில்லை, வளர்ந்திருக்கிறது. பொதுத் தேர்வில் நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்பதற்காக, தேறாத பையனின் அப்பாவை ஒன்பதாம் வகுப்பிலேயே கூப்பிட்டு, ‘டி.சி. வாங்கிட்டு ஐ.டி.ஐ.யில சேத்துருங்க’ என்று கனிவாகச் சொல்கிற பள்ளிக்கூடங்களை, தனியாரிலும் அரசிலும், எனக்குத் தெரியும். மிஞ்சியவர்களுக்கு ‘மினிமம் மெட்டீரியல்’: இவ்வளவு கேள்வி, இவ்வளவு பதில், இதற்கு மேல் ஒரு வரியும் படிக்காதே. 2025-இல் பிளஸ் டூ தேர்ச்சி மாநிலத்தில் 95.03 சதவீதம். கேட்க நிறைவாக இருக்கிறது. வெளிநாட்டு ஆள் வந்து பார்த்த தடவையை மட்டும் நாம் பேசுவதில்லை. பிசா என்ற உலகத் தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவுக்காக உட்கார்ந்தன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 நாடுகளும் பகுதிகளும் எழுதிய தேர்வில் நாம் இருவரும் கடைசி மூன்று இடங்களுக்குள். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தோம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நாடே போகவில்லை. பெயிலானவன் பரீட்சையை நிறுத்துவது எங்கள் காலத்தில் நடக்காத காரியம்.

இதில் ஊருக்கு என்ன, பாவப்பட்டவர்கள் பிள்ளைகள், அவர்கள் பாடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டீக்கடைக்காரப் பையனின் அம்மா மூன்று நிதி நிறுவனங்களில் குழுக் கடன் வாங்கியிருக்கிறாள். வாரத்துக்கொரு ஆள் பைக்கில் வருகிறான். வட்டி எவ்வளவு என்றால், “தெரியாது அண்ணாச்சி, காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டேன்” என்கிறாள். கடனில் ஒரு வீடு மட்டும் மூழ்குவதில்லை. ஜாமீன் போட்ட குழுவே மூழ்கும். நாளைக்கு எங்கள் ஊருக்கு மருந்தடிக்கப் போகிறவனும் கரண்டுக் கம்பத்தில் ஏறப் போகிறவனும் ஆம்புலன்ஸ் ஓட்டப் போகிறவனும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். வேனில் போன பிள்ளைகள் பெங்களூருக்கும் டல்லாஸுக்கும் போய்விடுவார்கள். அவர்களின் வயசான அப்பா அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போடுகிறவள் அரும்பா மலரா என்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான் முக்கியம்.

முடியாத காரியமும் இல்லை. எங்கள் பக்கத்துச் செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜிதான் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். சந்திரயான் மயில்சாமி அண்ணாதுரை கோதவாடி அரசுப் பள்ளி. கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 2021-22 கணக்குப்படி நாட்டில் 100-க்கு 28, தமிழ்நாட்டில் 47. சோறும் சைக்கிளும் பஸ் பாஸும் போட்டுப் பிள்ளைகளை வாசல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், அதில் நமக்கு நிகர் யாருமில்லை. உள்ளே நடக்க வேண்டியதுதான் பாக்கி.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நீட் வந்த பிறகு விரல்விட்டு எண்ணும்படி இருந்தவர்களுக்கு முதல் வருஷமே சுமார் 400 இடம். நல்ல சட்டம். அது வந்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ரகசியம்போலக் கேட்டார்: “அண்ணாச்சி, ஆறாங்கிளாஸ்ல இருந்து கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சாப் போதுமாமே? அஞ்சு வரைக்கும் கான்வென்டுல வச்சுக்கிட்டு, அப்புறம் மாத்திரலாமா?” ஐம்பது வருஷத்தில் எங்கள் தெருவில் அரசுப் பள்ளியின் பெருமையை ஒருவர் தானாகவே எடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

2011-இல் ஈரோடு கலெக்டர் தன் மகளை ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். எல்லாப் பத்திரிகையிலும் செய்தி, படத்தோடு. எங்கள் முன்சீப் மகனை யாரும் படம் எடுக்கவில்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் உத்தரவே போட்டது. உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. உத்தரவை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் மத்திய அரசு நிறுத்திவைத்த 2,152 கோடி ரூபாய்க்காகத் தமிழ்நாடு 2025-இல் உச்ச நீதிமன்றம் போனது. நியாயம் நம் பக்கம் என்பது என் கட்சி. ஆனால் அந்த வழக்கைப் பற்றி டீக்கடையில் வாய் கிழியப் பேசியவர்களில் ஒருவர் பிள்ளைகூட அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய பள்ளியில் இல்லை.

வேனில் போன பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர என்னால் ஆகாது. என் பேத்தியே அந்த வேனில்தான் போகிறாள். அவள் அப்பா அம்மா முடிவு, நான் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஆனால் யூனியன் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட மகன் நனைந்துதான் ஆக வேண்டுமா?

வருகிற ஆகஸ்ட் 15-ஆம் தேதி உங்கள் ஊரிலும் கிராம சபை நடக்கும். போங்கள். தெருவிளக்கும் வாறுகாலும் பேசி முடித்ததும் எழுந்து பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். கட்டடம், பெயின்ட், போர்டு எல்லாம் கேட்காமலே வருகிறது. ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்வார்கள், எத்தனை பேர் கடன் வாங்கிக் கழிப்பார்கள், டீச்சர் கையிலிருந்து அந்த எமிஸ் வேலையை எப்போது எடுப்பீர்கள், மூன்றாவது ஆசிரியர் எப்போது வருவார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதே பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். கிராம சபையில் பேச ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.